குழந்தையின் நோயும் ஊராரின் கடனும்

சாங்கி முனையிலுள்ள படகுத்துறையை ஜோகூரின் தென்கிழக்குக் கோடியில் வாழும் தமிழர் நன்கறிவர். பெங்கேராங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வருவோருட் பலர், ஜோகூர் பாரு வழியாய் நெடுந்தூரம் சுற்றுவதைவிடச் சிறு படகேறிக் கடலைக் கடந்து சாங்கியில் இறங்குவதையே விரும்புவர். அப்படகுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. 12 பேர் சேர்ந்தாலன்றி அவை கரையைவிட்டு நகரா. அவசரமுடையவர் காலியான இடங்களுக்குரிய கூலியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் படகுக்காரர் இயந்திரத்தை முடுக்குவார்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் அத்துறையில் 9 பேர் காத்திருந்தோம். அவருள் மூவர் ஒரே குடும்பத்தினர்: பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டும் தந்தை, தாய், தாயின் மடியில் முகமூடியணிந்து சாய்ந்திருந்த 7 வயதுச் சிறுமி. அவளுக்கு இரத்தப் புற்றுநோய். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டாண்டுகள் மருந்துண்டு தேறியவளுக்கு நோய் மீண்டுவிட்டது. அங்குள்ள டாக்டரே சிங்கப்பூரிலும் ஒருமுறை கேட்டு வருமாறு சொன்னபடியால், அன்று அவர்கள் வந்து கேட்டுத் திரும்பினர். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு அங்கே சொல்லப்பட்ட தொகை, தந்தை 15 ஆண்டுகள் உண்ணாது உடாது சேர்த்தாலும் சேராதது. ஆங்கிலப் பள்ளியிற் படித்த கிராணி என்ற காரணத்தால், டாக்டர் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்ல நாமும் உடன் சென்றிருந்தோம்.

இதற்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றையும் மறையாது சொல்லவேண்டும். பொருளுதவி கேட்டு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதித் தருமாறு அத்தந்தை நம்மை முதன்முதல் அணுகிய நாள், சம்பளக் கணக்கு முடிக்கும் சமயம். “கணக்கு முடியட்டும், அண்ணே, அப்புறம் வாருங்கள்” என்று சொல்லியனுப்பினோம். அவர் மீண்டும் வர 9 நாட்களாயின. பிள்ளையின் உடலில் நோய் ஓடிக்கொண்டிருக்க, நாம் தொகையும் கழிவும் கூட்டிக்கொண்டிருந்தோம். பின்னர் எழுதிய விண்ணப்பமோ பள்ளியிற் கற்ற அலங்காரமெல்லாம் நிறைந்தது. அவர் அதைத் தமிழிற் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டு முடித்ததும் சிறிது நேரம் பேசாதிருந்து, “இதில் என் மகள் செத்துப்போனவள் மாதிரி இருக்கிறாளே, ஐயா” என்றார். நாம் அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினோம். நோய் இன்னது, வேண்டுவது இவ்வளவு, கையிலிருப்பது இவ்வளவு, கணக்கு வைத்திருப்பவர் இன்னார் என்று அரைப் பக்கத்தில் முடித்தோம். அவர் கையொப்பமிட்டார். இட்ட பின்னரும், “கேட்பது வெட்கமாய்த்தான் இருக்கிறது” என்றார்.

கேட்பது வெட்கமா? இவ்வொரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். இரத்தலை இகழும் நீதிமொழிகளைச் சிறு பருவத்திலேயே மனனம் செய்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால், இன்று அச்சிறுமியின் உடலுட் செல்லும் மருந்துகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், கேட்டவர்களும் கொடுத்தவர்களும் இல்லாமல் அவற்றுள் ஒரு துளியேனும் உண்டாகியிராது என்பது தெரியவரும்.

அவ்வரலாறு நம்மைப்போன்ற கூலியுழைப்பாளரிடையே தொடங்குகிறது. 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகைக்கு ஆளாகி மடிந்துகொண்டிருந்தனர். இது கிருமியால் வருவதன்று, உணவிலே ஏதோ ஒரு பொருள் குறைவதால் வருவது என்று வில்ஸ் கண்டார். நம் வீடுகளிலும் ரொட்டியில் தடவும் மார்மைட்டு என்னும் ஈஸ்ட்டுச் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931-இல் உலகுக்கு அறிவித்தார். அச்சாற்றிலும் கீரையிலும் உறையும் பொருளே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இரத்த அணுக்கள் பெருகுவதற்கு இது இன்றியமையாதது.

அப்பொருளை ஆய்வுக்கூடத்திற் செயற்கையாய்ச் செய்யும் முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் படிக்கும்போது கதராடை அணிந்து வந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாது தாழ்ந்த பட்டமே பெற்றார். அவருடைய சகோதரர் இருவர் வயிற்றுநோயால் அடுத்தடுத்து இறந்தனர். மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்லக் கையிற் காசில்லை. காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமநிதி வாக்களித்த உதவியும், மாமனார் திரட்டித் தந்த பொருளுமே அவரைப் பாஸ்டன் நகரிற் கொண்டு சேர்த்தன. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இரவுநேரக் கடைநிலைப் பணியாளாய் வேலைசெய்துகொண்டே கற்றார். வாசகர்கள் இதை மனத்திற் கொள்ளவேண்டும். ஊரார் தருமநிதியைக் கேட்டுப் பெற வெட்கப்பட்டு அவ்விளைஞர் வீட்டிலே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்த சுப்பாராவின் குழுவினர் 1945-இல் போலிக் அமிலத்தைச் செய்து முடித்தனர். இது பாஸ்டனிலிருந்த சிட்னி பார்பர் என்னும் டாக்டரின் கருத்தை ஈர்த்தது. அக்காலத்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறப்பது உறுதி. சோகைக்கு நன்மை செய்த பொருள் இதற்கும் உதவுமென்று பார்பர் அவ்வகைப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். எரியும் நெருப்பில் நெய் வார்த்தாற்போல் நோய் மிகுந்தது. வேறொருவராயிருந்தால் அத்துடன் நிறுத்தியிருப்பர். பார்பரோ, ஊட்டினால் வளரும் நோய் பட்டினி போட்டால் தளருமன்றோ என்று சிந்தித்தார். போலிக் அமிலத்தைப்போல் தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களைச் சுப்பாராவின் குழுவினரிடம் கேட்டார். அவர்கள் செய்தனுப்பினர். 1948 ஜூன் மாதம் வெளியான அவருடைய அறிக்கை, மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாய்த் தணிந்ததெனக் கூறியது. பின்னர் அந்நோய் திரும்பியே வந்தது. எனினும், அசையாத மலை முதன்முறையாய் அசைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தம் 53-ஆம் வயதிற் காலமானார். அதே ஆய்வுக்கூடத்தில் அந்நாளில் உருவாகிய மெத்தோட்ரெக்சேட்டு என்னும் மாத்திரையையே, நம் தோட்டத்துச் சிறுமியும் இரண்டாண்டுகள் வாரந்தோறும் விழுங்கி வந்தாள்.

அதே 1948-ஆம் ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. மே 22-ஆம் நாள் அமெரிக்க வானொலியில், பார்பரின் ஆஸ்பத்திரியிற் படுத்திருந்த 12 வயதுச் சிறுவனொருவன் பேசினான். உண்மைப் பெயரை மறைத்து அவனை ஜிம்மி என்று அழைத்தனர். அவன் விரும்பும் பந்தாட்டக்காரர்கள் அவனுடைய கட்டிலைச் சூழ்ந்து நின்றனர். ஆட்டத்தைப் படுத்தபடியே காண ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், அதற்காக 20,000 டாலர் சேரவேண்டும் என்று நிகழ்ச்சியை நடத்தியவர் நாட்டாரைக் கேட்டார். அவ்வாண்டிலேயே 2,31,000 டாலருக்கு மேல் வந்து குவிந்தது. சிறுவனுக்குப் பெட்டி கிடைத்தது. ஆனால் பணம் அவனுக்காக மட்டும் செலவாகவில்லை. பெயர் தெரியாத மற்ற எல்லாக் குழந்தைகளுக்குமான சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் அது முதலாயிற்று. அச்சிறுவனும் பிழைத்து வளர்ந்து, 1998-இல் தானே வெளிப்பட்டான். ஒரு குழந்தையின் முகத்தைக் காட்டிக் கேட்டு, கிடைத்ததை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக்கிய இம்முறையை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் இதற்கு வருவோம்.

மருந்து வெளிநாட்டு வெள்ளைக் கோட்டுக்காரரின் பையிலிருந்து மட்டும் வந்ததன்று. நித்தியகல்யாணி என்னும் செடியை அறியாத தமிழர் உண்டோ? சுடுகாட்டோரங்களில் முளைப்பதனாற் சுடுகாட்டு மல்லி என்று பெயரிட்டு, வீட்டுக்காகாதென்று ஒதுக்குவாரும் நம்மவருட் பலர். 1950-களின் பிற்பகுதியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் அதன் இலையை ஆராய்ந்தவர்கள், வெள்ளையணுக்களின் பெருக்கத்தை அடக்கும் சத்துகளை அதிற் கண்டனர். அவற்றுள் ஒன்றாகிய வின்கிரிஸ்டீன் 1963-இல் அமெரிக்காவில் மருந்தாய் அனுமதி பெற்றது. இன்றளவும் உலகமெங்கும் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு முதல்வரிசை மருந்துகளுள் அது ஒன்று. பிணத்துக்குரிய பூவென்று நாம் ஒதுக்கிய செடி பிள்ளைகளைப் பிழைக்க வைக்கிறது. தலைவிதியென்று கைகட்டி நிற்போர் இதைச் சற்றே சிந்திப்பார்களாக.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். புதுக்கோட்டையில் 1886-இற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இற் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைத் தேவதாசி ஒழிப்புக்காகவே பலரும் அறிவர். அவருடைய தங்கை 1923-இற் புற்றுநோயால் இறந்தார். டாக்டராயிருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க இயலாத துயரம் அவரை உறங்கவிடவில்லை. 1935-இல் தம் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலே புற்றுநோய்க்கெனத் தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்று கேட்டார். ஆண்டுகள் உருண்டன. அவரோ கேட்பதை நிறுத்தவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றிற் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்துசேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1960-இல் அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியும் அமைந்தது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் கழித்தே கட்டடம் எழுந்தது. தம் குடும்பத்துக்காகக் கேட்பதற்கு அம்மையாருக்கு ஒன்றும் மிச்சமில்லை. இனி எவள் தங்கையோ, எவன் பிள்ளையோ என்றே அவர் கேட்டார்.

1980-களில் அடையாறு நிலையமும், பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியும், டில்லியின் பெரிய மருத்துவக் கழகமும் அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து, இரத்தப் புற்றுக் குழந்தைகளுக்கு ஒரே சிகிச்சை முறையை வகுத்துக்கொண்டன. அதற்குமுன் 100-க்கு ஏறக்குறைய 20 பேரே பிழைத்த நிலை மாறி, 40-க்கும் மேற்பட்டோர் பிழைக்கலாயினர். ஆயினும் ஓர் உண்மை எங்கும் வெளிப்பட்டது. மருந்து தோற்றதால் மட்டும் குழந்தைகள் இறக்கவில்லை. வழிச்செலவும், தங்குமிடமும், தந்தை இழக்கும் கூலியும் தாங்காது, பாதியிலே சிகிச்சையைக் கைவிட்டு ஊர் திரும்பியதாலும் பலர் இறந்தனர். நம் தோட்டத்துக் குடும்பமும் அறிந்த உண்மை இது. அரசாங்க ஆஸ்பத்திரியிற் கட்டணம் சொற்பமே. ஆனால் வாரந்தோறும் போய்வர வண்டிக்கூலி, வேலைக்குப் போகாத நாட்களின் கூலியிழப்பு, வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளின் சோறு, இவற்றை எந்த ரசீதும் காட்டாது.

சிங்கப்பூரின் வரலாறும் இதனையே கூறும். 1844-இல் தான் டோக் செங் என்னும் சீன வணிகர் தந்த பொருளால் ஏழை நோயாளருக்கான ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அஃது இன்றும் அவர் பெயரோடு விளங்குகிறது. தேக்காவை அடுத்த கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியோ ஒருகாலத்தில் உலகிலேயே மிகுதியான பிரசவங்கள் நடந்த இடம். 1966-இல் மட்டும் 39,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே பிறந்தன. 1997-இல் அது புதிய கட்டடத்துக்கு மாறிப் பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியாயிற்று. குழந்தைப் புற்றுநோய்க்கெனத் தனி அறநிறுவனம் 1992-இலும், எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு 1993-இலும் இங்கே தோன்றின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் டாக்டர்களும் மலேசிய டாக்டர்களும் கைகோத்து, நோய் எவ்வளவு எஞ்சியிருக்கிறதென நுட்பமாய் அளந்து, எளிதிற் பிழைக்கக்கூடிய குழந்தைக்கு மருந்தைக் குறைத்தும், அரிய நிலையிலுள்ள குழந்தைக்கு மிகுத்தும் கொடுக்கும் முறையை வகுத்தனர். அதனாற் பெரும்பாலோர் பிழைத்தனர். ஜோகூர்க் கடலின் இருகரையும் ஒன்றாயிருந்தே இதனைச் சாதித்தன.

இதே சாங்கியிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1942 பிப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஏறக்குறைய 50,000 போர்க்கைதிகள் இப்பகுதியில் அடைக்கப்பட்டனர். அரிசியன்றி வேறில்லாத உணவால் பெரிபெரியும் பிற குறைநோய்களும் அவர்களை வாட்டின. அவர்கள் ஈஸ்ட்டு வளர்த்தனர், புல்லை அரைத்துச் சாறெடுத்துக் குடித்தனர். அதிகாரிகளாயிருந்த கைதிகளுக்குக் கிடைத்த சிறுபடியில் ஒரு பங்கு, நோயுற்ற வீரர்களின் உணவு வாங்கும் பொதுநிதிக்குச் சென்றது. முள்வேலிக்குள்ளே, நாளை என்னவென்று தெரியாதவர்களும் பொதுநிதி வைத்துக் கணக்கெழுதினர் என்றால், மாதந்தோறும் சம்பளம் வாங்கும் நாம் என்ன சொல்லித் தப்புவது?

இக்காலத்தில் வேண்டுகோள் கைப்பேசி வழியே பறக்கிறது. 2019-இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில், இரத்தப் புற்றுற்ற 5 வயதுச் சிறுவனுக்கு மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்க 4,800-க்கு மேற்பட்டோர் மழையில் வரிசையாய் நின்றனர். பின்னர் அக்குடும்பம் 5 இலட்சம் பவுனுக்கு மேல் திரட்டிச் சிங்கப்பூருக்கு வந்து புதுச் சிகிச்சை பெற்றது. 2021-இல் சிங்கப்பூரிலேயே, தசை வலுவிழக்கும் அரிய நோயுற்ற ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 30,000 பேர் பத்தே நாளில் 28 இலட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்தனர். இவை போற்றத்தக்கன. எனினும் ஒன்று கேட்போம். அழகிய படமும், ஆங்கிலம் அறிந்த உறவினரும், பரப்பித்தரும் நண்பரும் இல்லாத குழந்தை என்ன செய்யும்? எழுதித்தரும் கிராணி, கணக்கு முடியட்டுமென்று சொன்னால் என்ன செய்யும்? சிங்கப்பூரில் 1993 முதல் ஏழை நோயாளருக்கு அரசாங்க மருத்துவநிதி உண்டு, 2015 முதல் எல்லாக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் தழுவும் காப்புறுதி உண்டு. ஆனால் படகேறி வரும் அயல்நாட்டுப் பிள்ளைக்கு அவை இல்லை. நோய்க்கு எல்லையில்லை, நிதிக்கு எல்லையுண்டு.

ஆகவே, கேட்பது இழிவன்று என்பதோடு நம் முடிபு நின்றுவிடாது. ஒவ்வொரு தந்தையும் தனித்தனியே கேட்கும்படி விட்டிருப்பதே ஊராருக்கு இழிவு. நம்மவர்க்குக் கேட்பதும் கொடுப்பதும் புதிதா? கலியாண வீட்டிலே மொய் எழுதுகிறோம். எழுதுபவர் பெயரும் தொகையும் ஏட்டில் ஏறுகின்றன, வாங்குபவர் தலைகுனிவதில்லை. பொதுக்காரியத்துக்குப் பிடியரிசி சேர்த்த பாட்டிமார் நம் குடும்பங்களிலே இருந்தனர். மாலைக்கும் மேளத்துக்கும் ஏடு திறக்கும் நாம் மருந்துக்கும் வண்டிக்கூலிக்கும் ஏன் ஓர் ஏடு திறக்கலாகாது? ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு நகரச் சங்கத்திலும், சம்பள நாளன்று ஆளுக்குச் சிறுதொகை, நோய் வருமுன்னரே, எவர் பிள்ளைக்கென்று தெரியுமுன்னரே சேரட்டும். கணக்கைச் சுவரில் ஒட்டுவோம். அத்துடன், இளைஞர் ஒவ்வொருவரும் மஜ்ஜைக் கொடையாளராய்ப் பதிந்துகொள்வாராக. மஜ்ஜைப் பொருத்தம் உடன்பிறந்தாரிடமே நான்கில் ஒரு பங்குதான் வாய்க்கும். அப்பால் தன் இனத்தாரிடமே அது கிட்டுவது மிகுதி. தமிழர் பதியாவிடில் தமிழ்க் குழந்தைக்குப் பொருத்தம் தேடுவது எங்கே?

படகுத்துறையை மறந்துவிடவில்லை. இருள் கவிந்தது, மூன்று இடங்கள் நிரம்பவில்லை. சிறுமிக்கு உடம்பு சுடத் தொடங்கியிருந்தது. தந்தை, மூவர் கூலியையும் தாமே தருவதாய்ப் பணப்பையைத் திறந்தார். அதற்குள் மீன் வாங்க வந்திருந்த சீன மூதாட்டி ஒருவர், சிறுமியைப் பார்த்துவிட்டு, அத்தொகையை எல்லாருக்குமாய்ப் பங்கிடச் சொன்னார். மலாய்க்காரர் இருவர் உடனே கொடுத்தனர். நாமும் கொடுத்தோம். தந்தை தம் குடும்பப் பங்கைக் கொடுத்தபோது வேண்டாமென்று எவரும் தடுக்கவில்லை. அவரும் தலைகுனியவில்லை. படகு புறப்பட்டது.

அச்சிறுமிக்கு அண்ணனின் மஜ்ஜை பொருந்துவதாய்ப் பின்னர்த் தெரிந்தது. வேண்டிய தொகையிற் பாதிக்குச் சற்று மேல் சேர்ந்திருக்கிறது. மீதியைச் சேர்க்கும் ஏடு இப்பொழுது எம் அலுவலக மேசையில், சம்பளக் கணக்குக்கு மேலே இருக்கிறது.